பனிமலையில் ஒரு கூப்பாடு

சில வருடங்களுக்கு முன்பு, மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நடந்தது இது. நாங்கள் இருப்பது இத்தாலியில், சிசிலித் தீவின் பலெர்மோ நகரத்தில். ஐரோப்பா என்றாலே பனி கொட்டும் என்று ஊரில் நினைப்பார்கள். பலெர்மோவில் கொட்டுவது வெயில்தான். மார்கழியிலும் மதியத்தில் குளிர்ச்சட்டையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டுதான் நடப்போம். என்னுடைய அக்கா கனடாவில் இருக்கிறார். ஒவ்வொரு குளிர்காலமும் வாசலில் இடுப்பளவு பனிக்குள் நின்று படம் எடுத்து அனுப்புவார். கூடவே, "உங்கட பக்கம் ஒண்டும் விழேல்லையோ?" என்று ஒரு கேள்வி. அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த வருடம் எங்கள் தமிழ் ஆட்கள் போகும் தேவாலயத்தில் பனி பார்க்க பஸ் ஒழுங்கு செய்தார்கள். காலையில் போய், மதோனியே மலையில் வழிகாட்டியோடு பனியில் நடந்து, பின்னேரம் திரும்பி வருவது. நாங்கள் சைவ சமயத்துக்காரர். அதனால் என்ன, பலெர்மோவில் கோயில் பஸ் என்றால் எல்லாரும்தான் ஏறுவோம். பெயரைக் கொடுத்துவிட்டுத்தான் நான் என் கணவரிடமே சொன்னேன்.

அவருக்கு வேலை வுச்சீரியாச் சந்தைப் பக்கம் ஒரு சாப்பாட்டுக்கடைக் குசினியில். எனக்கு வேலை சிஞ்ஞோராக்களின், இத்தாலிய வீட்டுக்காரிகளின், வீடுகளில், கூட்டித் துடைத்து, உடுப்பு மினுக்கி வைப்பது. நான் காலையில் போகும்போது அவர் போர்வைக்குள் இருப்பார். அவர் இரவு வரும்போது நான் போர்வைக்குள். எனக்கு லீவு ஞாயிறு, அவருக்குத் திங்கள். எங்களுடைய கதையெல்லாம் வீட்டு வாசலில், ஒருவர் உள்ளே வர ஒருவர் வெளியே போகிற நேரத்தில்தான். "காஸ் முடியுது", "பிள்ளைக்குக் காய்ச்சல்", "கறி மூடி இருக்கு" என்பதற்கு மேல் அதில் என்ன கதைப்பது? அந்த வாரம் கடைக் குசினியில் தண்ணீர்க் குழாய் உடைந்து, ஞாயிறும் பூட்டுவதாகச் சொல்லிவிட்டார்கள். மனிதர் அன்றைக்கு முழுக்க நித்திரை கொள்ளத் திட்டம் போட்டிருந்தார்.

"இஞ்சாருங்கோ, ஞாயிற்றுக்கிழமை பனி பாக்கப் போவம்" என்றேன்.

"ஃபிரிட்ஜைத் திறந்தால் இருக்குத்தானே பனி. அதைப் பாரும்" என்றார்.

விடுவேனா? அக்காவின் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டி, ஒப்பாரி மாதிரி ஒரு பாட்டம் பாடித்தான் அவரைக் கிளப்பினேன். மகளைக் கூப்பிட்டால் அவள் "சரியான போர் அம்மா" என்று சொல்லிவிட்டு, தன்னுடைய தடித்த ஜாக்கெட்டை மட்டும் எனக்குத் தந்துவிட்டுச் சிநேகிதி வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்கு முன்னால் காலையில் பஸ் வந்தது. யாரும் சொல்லாமலே பெண்கள் எல்லாரும் முன்னால், ஆண்கள் எல்லாரும் பின்னால். கல்யாண வீட்டுப் பந்தி மாதிரித் தானாகப் பிரிந்துவிட்டோம். பக்கத்து ஊர் பகேரியா தாண்ட முதலே சாப்பாட்டுப் பெட்டிகள் திறந்தாயிற்று. ரோல்ஸ், இடியப்பம், சம்பல், பிளாஸ்கில் இஞ்சித் தேத்தண்ணி. பஸ் ஓட்டுகிற இத்தாலியன் வாசத்துக்குத் திரும்பித் திரும்பிப் பார்த்தான். பஸ்ஸை ஒழுங்கு செய்த அக்கா, மன்னார்ப் பக்கத்து ஆள், நல்ல வெண்கலக் குரல், "பாதையைப் பார் தம்பி, உனக்கும் வைச்சிருக்கு" என்று தமிழிலேயே அவனை அதட்டினார். அவனும் விளங்கினவன் போலத் தலையாட்டினான்.

கடற்கரைப் பாதையை விட்டு மலைப்பாதையில் ஏறினோம். ஒரு வளைவில் திரும்ப, பாதையோரம் அழுக்குப் பிடித்த கொஞ்சப் பனி கிடந்தது. அவ்வளவுதான், பஸ்ஸே குளறியது. இன்னும் மேலே போகப் போக எல்லாமே வெள்ளை. நான் சின்னப்பிள்ளை போலக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு இருந்தேன். பின்னால் திரும்பிப் பார்த்தால் இவர் வாயைத் திறந்தபடி நித்திரை.

வழிகாட்டி எங்களை மேலே வாகனம் நிறுத்தும் இடத்தில் சந்தித்தார். ஒரு பெண், நாற்பது வயது இருக்கும். அந்த மலையடிவாரத்து ஊர்க்காரி. கரகரத்த குரல், வெயிலில் காய்ந்த முகம். ஒவ்வொருவர் காலாகப் பார்த்துச் சப்பாத்தைச் சோதித்தார். சேலைக்குக் கீழே மகனின் காற்சட்டையைப் போட்டுக்கொண்டு வந்த ஒரு அன்ரியைப் பார்த்துச் சிரிக்காமல், சேலையைத் தூக்கி இடுப்பில் செருகிக் கட்டிவிட்டார். பிறகு சாஸ்போலே என்று சொல்லி அகலமான பிளாஸ்டிக் தட்டுகளை எங்கள் சப்பாத்துக்கு அடியில் பூட்டினார். அதைப் போட்டால் பனியில் கால் புதையாதாம். நடந்து பார்த்தோம். எல்லாரும் தாரா நடை.

அதற்குப் பிறகுதான் அந்தப் பெண் சட்டம் வைத்தார். எல்லாரும் சோடி சோடியாக நிற்க வேண்டும். நடக்கும்போது சோடி பக்கத்தில் இருக்கிறாரா என்று அடிக்கடி பார்க்க வேண்டும். "இந்த மலையில் மூடுபனிப் புகார் சொல்லிக்கொண்டு வராது" என்றார் இத்தாலியனில். "வந்தால் முன்னால் நிற்கிற மரமே தெரியாது. அப்படி வந்தால் நிற்கிற இடத்தில் நில்லுங்கள், தேடிப் போகாதீர்கள். உங்கள் சோடியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். சும்மா 'ஓய்' என்று கத்தாதீர்கள், மலைக்கு வந்தவர்கள் எல்லாரும்தான் கத்துவார்கள். பெயர் சொன்னால் அந்த ஆள் நிற்பார்."

சொன்னதோடு விடவில்லை. ஒவ்வொருவரிடமும் வந்து சோடியின் பெயரைச் சத்தமாகச் சொல்லச் சொன்னார். ஆம்பிளைகள் எல்லாரும் மனைவியின் பெயரைப் பள்ளிக்கூடத்தில் வரவு சொல்வதுபோலச் சொன்னார்கள். பெண்களிடம் வந்ததும் ஒரே நெளிவு, ஒரே சிரிப்பு. என்னிடம் வந்தார்.

"மியோ மரீத்தோ" என்றேன். என் கணவர்.

"அவருக்குப் பெயர் இல்லையா?"

"இருக்கு." அதற்கு மேல் எனக்கு வாய் வரவில்லை.

அவர் எங்கள் கூட்டத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். "இங்கே எத்தனை மரீத்தோ நிற்கிறார்கள், பார்த்தீர்களா?" என்றார். எல்லாரும் சிரித்தோம். பஸ் அக்காதான் குறுக்கே விழுந்து, "எங்களுக்குள்ளை எல்லாம் விளங்கும் சிஞ்ஞோரா, நீங்கள் நடவுங்கோ" என்று இரண்டு மொழியையும் கலந்து சொல்லி அவரை முன்னுக்கு அனுப்பிவிட்டார்.

இதை வாசிக்கிற இளம் பிள்ளைகளுக்குச் சிரிப்பு வரலாம். எங்களுடைய வயதுப் பெண்கள் பலர் கணவனின் பெயரை வாயால் சொல்வதில்லை. சொன்னால் அவருக்கு ஆயுள் குறையும் என்று சொல்லி வளர்த்துவிட்டார்கள். நம்புகிறேனா என்றால் இல்லை. ஆனாலும் நாக்கு எழும்பாது. எழுதச் சொன்னால் எழுதுவேன். விசா புதுப்பிக்கப் போகும் க்வெஸ்தூரா பொலிஸ் கந்தோரில் "கணவர் பெயர்?" என்று கேட்டால் அவருடைய பெர்மெஸ்ஸோ வதிவிட அட்டையை எடுத்துப் பொலிஸ்காரனின் மூக்குக்கு முன்னால் நீட்டிவிடுவேன். மற்றும்படி அவர் எனக்கு 'இங்கே பாருங்கள்' என்கிற 'இஞ்சாருங்கோ'தான். அந்த பஸ்ஸில் வந்த அவ்வளவு ஆம்பிளைகளும் தங்கள் தங்கள் மனைவிக்கு 'இஞ்சாருங்கோ'தான்.

நடக்கத் தொடங்கினோம். சோடிச் சட்டம் முதல் வளைவு வரைக்கும்தான் இருந்தது. பிறகு ஆம்பிளைகள் அரசியல் கதைத்தபடி முன்னால் போய்விட்டார்கள், பெண்கள் படம் எடுத்தபடி பின்னால். என்னுடையவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, சந்தைக்குப் போகிற அதே நடை. கல்யாணம் கட்டிய நாளிலிருந்து அவர் முன்னால், நான் பைகளோடு பின்னால். திரும்பிப் பார்க்கிற பழக்கம் கிடையாது. நான் வருவேன் என்று அவருக்குத் தெரியும், நானும் போய்ச் சேர்ந்துவிடுவேன்.

கொஞ்சத் தூரத்துக்கு ஒருமுறை யாராவது ஒரு பெண், "இஞ்சாருங்கோ, ஒரு படம் எடுங்கோவன்!" என்று கூப்பிடுவாள். முன்னால் போகிற அத்தனை கணவன்மாரும் ஒன்றாகத் திரும்புவார்கள். உரியவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு வருவார், மற்றவர்கள் நல்லகாலம் நாங்களில்லை என்று திரும்பி நடப்பார்கள். இது நடந்துகொண்டே இருந்தது. வழிகாட்டிக்கு என்ன விளங்கியதோ தெரியாது. எங்களுக்கு நல்ல பம்பலாக இருந்தது.

பாதைக்குப் பக்கத்தில் இலை இல்லாத மரங்கள் கொஞ்சம் ஒன்றாக நின்றன. கொப்பு முழுக்கப் பனி. இதுதான் அக்காவுக்கு அனுப்ப வேண்டிய படம் என்று நினைத்தேன். "நீங்கள் போங்கோ, நான் இந்தா வாறன்" என்று பஸ் அக்காவிடம் சொல்லிவிட்டு மரங்களுக்குப் பின்பக்கம் போனேன். பெண்கள் நான் இவரோடு சேர்ந்துவிட்டேன் என்று நினைத்திருக்கிறார்கள். இவர் நான் பெண்களோடு வருகிறேன் என்று நினைத்திருக்கிறார். எல்லாருக்கும் கடைசியாக வந்து ஆட்களைப் பார்ப்பதாக ஏற்றுக்கொண்ட பஸ் அக்கா, கதைப் பிராக்கில் நடுவுக்குப் போய்விட்டார்.

படம் நன்றாக வந்தது. இன்னும் ஒரு அடி பின்னால் வைத்தேன். காலுக்குக் கீழே பனி பொடுக்கென்று உடைந்தது. முதுகு நிலத்தில் அடிபட, மல்லாக்கச் சறுக்கிக்கொண்டே போய் அடியில் நின்றேன். அது ஒரு பள்ளம், பெரிய தாச்சிச்சட்டி போல. மேலே இருந்து பார்த்தால் பள்ளம் இருப்பதே தெரியாது. எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. நல்லவேளை ஒருவரும் காணவில்லை என்று நினைத்தபடி எழும்பினால், ஒரு கால் தொடை வரைக்கும் பனிக்குள். காலில் பூட்டிய தட்டு அடியில் எதிலோ, புதைந்து கிடந்த கொப்பாக இருக்கும், கொளுவிக்கொண்டது. இழுத்தேன். கணுக்காலில் சுரீர் என்று நொந்தது. ஜாக்கெட் கையுறையெல்லாம் நனைந்து போயிற்று. ஃபோனைத் தேடினால் அது எங்கோ பனிக்குள் போய்விட்டது.

தலையை நிமிர்த்தினேன். மரங்களைக் காணவில்லை. நான் கீழே கிடந்த கொஞ்ச நேரத்துக்குள் புகார் இறங்கிவிட்டது. மேலேயும் வெள்ளை, கீழேயும் வெள்ளை. என் கையை நீட்டினால் கை தெரிந்தது, அதற்கு அப்பால் ஒன்றும் இல்லை.

"இஞ்சாருங்கோ!" என்று கூப்பிட்டேன். இரண்டாம் தரம் இன்னும் பலமாக. மூன்றாம் தரம் தொண்டை கிழிய.

ஆட்களின் சத்தம் கேட்டது. தூரத்தில் யாரோ கதைப்பது, யாரோ இருமுவது எல்லாம் கேட்டது. அங்கிருந்து ஒரு ஆம்பிளைக் குரல் பதிலுக்குக் கத்தியது: "படம் எடுத்தது காணும்! நடவுங்கோ!"

அதற்குக் கூட்டமாக ஒரு சிரிப்பு.

எனக்கு வந்த கோபம்! "ஆரந்த அறுவான்?" என்று வாய்விட்டே திட்டினேன். இங்கே ஒருத்தி உயிருக்குக் கத்துகிறாள், அவனுக்குப் பகிடி. திரும்பவும் கூப்பிட்டேன். பதில் இல்லை. சிரிப்புச் சத்தமும் மெல்ல மெல்லத் தேய்ந்து போயிற்று. பிறகு ஒரு சத்தமும் இல்லை. அப்படி ஒரு அமைதியை நான் என் வாழ்க்கையில் கேட்டதில்லை. அப்போதுதான் பயம் வந்தது. முழங்கால் மரத்துக்கொண்டு வந்தது. பல்லுக் கிட்டியது. இவர்கள் மலையில் இளைப்பாறும் இடத்துக்குப் போய், தேத்தண்ணி குடித்து, எண்ணிப் பார்த்து, நான் இல்லை என்று கண்டுபிடிக்கிற நேரத்துக்கு நான் எப்படி இருப்பேன்? எந்த மரத்துக்குப் பின்னால் என்று தேடுவார்கள்? மகள் பின்னேரம் வீட்டுக்கு வந்து கதவைத் தட்டுவாளே என்று நினைத்ததும் அழுதுவிட்டேன். அழுதால் கண்ணீரும் கன்னத்தில் குளிர்ந்தது.

வழிகாட்டி சொன்னது ஞாபகம் வந்தது. பெயரைச் சொன்னால் அந்த ஆள் நிற்பார்.

நம்பினால் நம்புங்கள், அந்த நிலைமையிலும் நான் யோசித்தேன். வாயைத் திறந்தேன், மூடினேன். ஆயுள் குறையும் என்றால்? உயிர் போகிற நேரத்தில் வருகிற யோசனையைப் பாருங்கள். பிறகு எனக்கே என்மேல் எரிச்சல் வந்தது. அவருக்குச் சீனி வருத்தம். எந்தக் குளிசையைச் சாப்பாட்டுக்கு முன்னுக்குப் போடுவது, எதைப் பின்னுக்குப் போடுவது என்று இன்றுவரை தெரியாது. நான் இந்தப் பள்ளத்துக்குள் போய்ச் சேர்ந்தால் அந்த மனிதருக்கு ஆயுள் எப்படியும் குறையத்தான் போகிறது. அதைவிட நான் ஒருதரம் பெயரைச் சொல்வது மேல்.

முதல் தரம் காற்றுத்தான் வந்தது. இரண்டாம் தரம், வீட்டில் பிள்ளை நித்திரை கொள்கிறபோது கதைப்பது போல ஒரு சின்னச் சத்தம். பிறகு கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, இருந்த பலத்தையெல்லாம் சேர்த்துக் கத்தினேன். முழுப்பெயர். அண்ணை, ஐயா ஒன்றும் இல்லாமல் மொட்டையாக. அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன், அது எங்கள் இரண்டு பேரோடும் அந்த மலையோடும் இருக்கட்டும்.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. திரும்பவும் கத்தினேன்.

"நில்லும்!" என்று ஒரு குரல். "நில்லும் அதிலை! அசையாதேயும்! வாறன்!"

என் மனிதரின் குரல்.

மேலே என்ன நடந்தது என்று பிறகு சொன்னார்கள். பெயரைக் கேட்டதும் இவர் அப்படியே நின்றாராம். கூட வந்தவர்கள் இவரை 'அண்ணை' என்பார்கள், கடையில் இத்தாலியர் வேறு ஒரு சுருக்கப் பெயரால் கூப்பிடுவார்கள். அந்த மலையில் அந்தப் பெயரைத் தெரிந்த பெண் குரல் ஒன்றுதான் இருக்க முடியும், அவள் அதைச் சொல்லவே மாட்டாள், சொல்கிறாள் என்றால் ஏதோ நடந்துவிட்டது. புகாருக்குள் ஓட வெளிக்கிட்டவரை வழிகாட்டிப் பெண் ஜாக்கெட்டில் பிடித்து நிறுத்திவிட்டார். "நீங்களும் விழுந்தால் நான் இரண்டு பேரைத் தூக்க வேண்டும்" என்றாராம். பிறகு எனக்குக் கேட்கும்படி கத்தினார்: "சிஞ்ஞோரா! நிற்பாட்டாதீர்கள்! பெயரைச் சொல்லிக்கொண்டே இருங்கள்! குரலைப் பிடித்துத்தான் வருகிறேன்!"

நான் கத்தினேன், திரும்பத் திரும்பக் கத்தினேன். பஸ் முழுக்க மேலே நின்று கேட்டுக்கொண்டிருந்தது. முதலில் வெட்கமாக இருந்தது. போகப் போக வெட்கம் எங்கோ போய்விட்டது. ரயில் நிலையத்து ஒலிபெருக்கிக்காரி போல நானும் பெயரைச் சொல்லிக்கொண்டே போனேன். கடைசியில் வழிகாட்டியின் சிவப்பு ஜாக்கெட் புகாருக்குள்ளிருந்து கயிற்றைப் பிடித்தபடி இறங்கி வந்தது. "பிராவா, பிராவா" என்று என் முதுகில் தட்டிவிட்டு, குந்தியிருந்து கையால் பனியைத் தோண்டினார். தட்டின் வாரைக் கழற்றிக் காலை வெளியே எடுத்தார். நனைந்த கையுறையைக் கழற்றித் தன்னுடைய கையுறையை எனக்குப் போட்டுவிட்டார். மேலே நிற்கும்படி வழிகாட்டி சொல்லிவைத்திருந்த என் மனிதர், சொன்னது கேட்காமல் குந்தியபடியே சறுக்கிக்கொண்டு வந்து எங்கள் இரண்டு பேர் மேலும் மோதினார்.

"உமக்கென்ன விசரே? எங்கை போனனீர்?" என்று ஏசினார். ஏசிக்கொண்டே என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தார். "கால் நோகுதோ? நோகுதோ?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார், நான் ஓம் என்று சொல்லியும் கேட்டார். அவருடைய கண்ணில் தண்ணீர். கல்யாணம் முடித்து இத்தனை வருடத்தில் பகிரங்கமாக அவர் என் கையைக்கூடப் பிடித்ததில்லை. நான் அவருடைய தோளில் முகத்தை வைத்துக்கொண்டு ஓவென்று அழுதேன்.

மலையில் ஆட்கள் தங்கி இளைப்பாறும் வீடு ஒன்று இருந்தது. அங்கே அடுப்புக்குப் பக்கத்தில் என்னை இருத்தினார்கள். கணுக்கால் சுளுக்கு, எலும்பில் ஒன்றும் இல்லை என்று தொட்டுப் பார்த்து வழிகாட்டி சொன்னார். கொழுத்த சூடான சொக்லேட் ஒரு கோப்பை தந்தார்கள். பஸ் அக்கா என்னைக் கட்டிப்பிடித்து, "கடைசியிலை வாறன் எண்டு சொல்லிப்போட்டு நான் உன்னை விட்டிட்டனேயடி" என்று அழுதார். அழுது முடித்த கையோடு மூக்கைத் துடைத்துவிட்டு, "பேர் நல்லாத்தானே இருக்கு. இவ்வளவு காலமும் ஏனடி ஒளிச்சு வைச்சிருந்தனீ?" என்றார். எல்லாப் பெண்களும் சிரித்தார்கள். இவர் சுவரில் தொங்கிய மலைப் படத்தை மிகவும் கவனமாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வழிகாட்டி ஒருவரையும் ஏசவில்லை. ஆனால் பஸ்ஸுக்குத் திரும்பி நடக்க முதல் வாசலில் கையை விரித்துக்கொண்டு நின்றார். வெளியே இன்னும் புகார். "சொல்லாமல் ஒருவரும் வெளியே போக முடியாது" என்றார். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். முதலில் பஸ் அக்கா, கண்ணை மேலே வைத்துக்கொண்டு, தன் கணவரின் பெயரைச் சொன்னார். அவ்வளவு பெரிய குரல்காரிக்கு அப்போது குரலே வரவில்லை. பிறகு ஒவ்வொருத்தியாக. சேலையும் காற்சட்டையுமாக வந்த அன்ரி, பேரப்பிள்ளை கண்டவர், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னார். அவருடைய கணவர், தலை முழுக்க நரைத்தவர், "ஓம், நான் இஞ்சை நிக்கிறன்" என்று கையை உயர்த்தினார். அவருடைய காது இரண்டும் சிவந்து போயிருந்தது. ஒருவரும் பகிடி பண்ணவில்லை. சோடி சோடியாகக் கையைப் பிடித்துக்கொண்டுதான் அன்றைக்கு வெளியே இறங்கினோம்.

பஸ்ஸில் பஸ் அக்கா எங்களுக்கு முன்சீட்டைத் தந்துவிட்டுத் தான் பின்னால் போனார். நான் காலை நீட்டிக்கொண்டு இருந்தேன். இவர் பக்கத்தில். கடல் தெரியத் தொடங்கிய பிறகு, முன்னால் பார்த்தபடியே கேட்டார்.

"அதுக்கு முதலும் கூப்பிட்டனீரோ?"

"எத்தினை தரம் கூப்பிட்டன்! ஆரோ ஒரு அறுவான், படம் எடுத்தது காணும், நடவுங்கோ எண்டு பகிடி விட்டான். நல்லாத் திட்டினன் அவனை."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு சொன்னார்: "அது நான்தான்."

எனக்கு விளங்கவில்லை. திரும்பிப் பார்த்தேன்.

"நான்தான் கத்தினனான். ஆரோ படம் எடுக்கக் கூப்பிடுறா எண்டு நினைச்சன். உம்மட குரல் எண்டு எனக்குத் தெரியேல்லை."

அவர் அதைச் சொல்லிவிட்டு முகத்தைக் கையால் துடைத்தார். நான் ஏச வாயெடுத்தேன். ஏச முடியவில்லை. புகாருக்குள் குரல் மாறித்தான் கேட்கும் என்று சமாதானம் சொல்லலாம். சொல்லியும் பார்த்தேன். ஆனால் அந்தக் கத்தல் எனக்கும் கேட்டதுதானே. நான் உயிருக்குக் கூப்பிட்ட அதே மனிதர்தான் எனக்குப் பதில் சொன்னார், அது அவர் என்று எனக்கும் தெரியவில்லை. ஊர் பேர் தெரியாத யாரோ என்று நினைத்துச் சாபம் போட்டேன். ஒரே வீட்டில், ஒரே கட்டிலில் இருக்கிற இரண்டு பேர். வாசலில் நின்று இரண்டு வார்த்தை கதைத்துக் கதைத்து, அதற்கு மேல் ஒருவர் குரல் மற்றவருக்குத் தெரியாமலே போய்விட்டது. பலெர்மோ வந்து சேரும் வரைக்கும் அவருடைய கையை நான் விடவில்லை, அவரும் எடுக்கவில்லை.

அக்காவுக்குப் படம் அனுப்பவில்லை, அந்த ஃபோன் மலையோடு போயிற்று. கால் ஆற இரண்டு கிழமை பிடித்தது. வீட்டில் அவர் எனக்கு இன்றைக்கும் 'இஞ்சாருங்கோ'தான், நாக்கு அவ்வளவு லேசில் திருந்தாது. ஆனால் அவர் முதலாளியோடு கதைத்து, திங்களை விட்டுவிட்டு வியாழனை லீவாக எடுத்தார். எனக்கு வியாழன் பின்னேரம் வேலை இல்லை. இரண்டு பேரும் கடற்கரை ஓரமாக நடப்போம். அவர் குசினிச் சண்டைகளைச் சொல்வார், நான் சிஞ்ஞோராக்களின் புதினங்களைச் சொல்வேன், மகளைப் பற்றிக் கவலைப்படுவோம். சில வியாழன்களில் வாய்த்தர்க்கம் வந்து, கதைக்காமலே வீட்டுக்கு வந்ததும் உண்டு.

நல்ல காசு தருகிறேன், வியாழன் பின்னேரமும் வா என்று இரண்டு சிஞ்ஞோராக்கள் கேட்டுவிட்டார்கள். நான் போகவில்லை. அந்தப் பள்ளத்துக்குள் செத்துப் போயிருப்பேன் என்று நினைத்தால்கூட இப்போது அவ்வளவு பயமில்லை, என் மனிதர் என் குரலைக் கேட்டுவிட்டு, யாரோ என்று சிரித்தபடி நடந்து போனார் என்று நினைக்கும்போதுதான் இன்றும் எனக்கு நெஞ்சு உறைந்து போகிறது.